இரண்டாவது சிலிண்டர்

தூங்கிவிட்டாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன், தொட்டில் ஆட்டம் நின்று நான்கு நிமிடமாகிறது, நெற்றியில் புறங்கையை வைத்தால் அது சூடா என் கை சூடா என்று தெரியவில்லை, தெர்மாமீட்டர் தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு என்கிறது, நூறைத் தாண்டினால்தான் காய்ச்சல் என்று டாக்டர் சொன்னார், அப்படியானால் இதற்கு என்ன பெயர், காய்ச்சலின் வாசலில் நிற்பதற்கு ஒரு பெயர் வேண்டாமா. சனிக்கிழமை மதியம் மூன்று மணி. ஆக்னஸ் தூங்கினால் ஒன்றரை மணி நேரம் தூங்குவாள், இந்தப் பதினான்கு மாதத்தில் அவளைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான். அதற்குள் வண்டி ஏன் உதறுகிறது என்று கண்டுபிடித்துவிட வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாமலும் போகலாம், ஆனால் கிறிஸ்துமஸ் கழிந்த மறுவாரம் காய்ச்சல் நூற்றிரண்டைத் தொட்டபோது இவள் கண் மேலே செருகி வாய் கோணி கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது, அப்போது ஆஸ்பத்திரி முப்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது, இப்போதும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நடுவில் இருப்பதெல்லாம் உப்பளம். மதியத்துக்கு மேல் பஸ் இரண்டு, ஆட்டோ கிடையாது, ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே வந்துதான் திரும்பிப் போக வேண்டும். அன்றைக்கு நான் ஓட்டினேன், என் வீட்டுக்காரர் லீனஸின் அக்கா ஹில்டா மதினி பின் சீட்டில் பிள்ளையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு சத்தமாக ஜெபமாலை சொன்னாள், அவள் குரல் நின்றால் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அர்த்தம், அதனால் நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு குரலைக் கேட்டுக்கொண்டே போனேன். “அஞ்சு வயசு வரைக்கும் காய்ச்சல் வந்தா இப்படி வரலாம்மா. பெரும்பாலும் தானா நின்னுரும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்கலன்னா உடனே தூக்கிட்டு வந்துருங்க” என்றார் டாக்டர். உடனே என்பதை அவர் எங்கிருந்து அளக்கிறார் என்று கேட்க வாய் வரவில்லை.

சமையலறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வண்டி நிற்கும் சாய்ப்புக்குள் வந்தால் தொட்டில் கயிறு தெரிகிறது, போதும். ஸ்டியரிங்குக்குக் கீழே, முட்டிக்கு நேராக, ஒரு துளை இருக்கிறது, லீனஸ் கப்பலுக்குப் போகும்முன் வாங்கி வைத்த தீப்பெட்டி அளவுக் கருவியை அதில் செருகினால் வண்டி போனோடு பேசுகிறது. பி 0302. இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. முதல் முறை இந்த எண்ணைப் பார்த்தபோது பயந்தேன், இப்போது பயத்துக்குப் பக்கத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்திருக்கிறது. எரியவில்லை என்று இதற்கு எப்படித் தெரியும். உள்ளே கண் இருக்கிறதா. நாலு நாளாகப் பிள்ளை தூங்கும்போதெல்லாம் படித்தேன், உள்ளே கண் கிடையாது, சிலிண்டரை யாரும் பார்ப்பதேயில்லை, ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது நடுத் தண்டை ஒரு தள்ளு தள்ளுகிறது, ஒன்று தள்ளாமல் விட்டால் தண்டு மயிரிழை அளவு தாமதிக்கிறது, அந்தத் தாமதத்தை வைத்து யாருடைய முறை என்று எண்ணிக் கண்டுபிடித்துவிடுகிறது. நான் படித்த கான்வென்டில் சிஸ்டர் பெர்னதெத் இப்படித்தான். கண்ணை மூடிக்கொண்டு ஹார்மோனியம் வாசிப்பார், நாற்பது பேர் பாடுவோம், எனக்குத் தொண்டை கட்டியிருந்ததால் ஒருநாள் வாயை மட்டும் அசைத்தேன், பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே “ஜெனோவா, பாடு” என்றார். அன்றிலிருந்து நான் எங்கே விட்டாலும் யாரோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு நடுக்கம். இந்த இரண்டாவது சிலிண்டர் வாயை மட்டும் அசைக்கிறது. ஏன் என்பதுதான் கேள்வி, தொண்டை கட்டியிருக்கிறதா, மூச்சு இல்லையா, பாட்டே கொடுக்கப்படவில்லையா. பொறி, காற்று, பெட்ரோல், மூன்றில் ஒன்று. பிள்ளைக்கும் முட்டிக்கு நேராக இப்படி ஒரு துளை இருந்தால், செருகிப் பார்த்தால், இத்தனாவது அறை என்று ஒரு எண் வந்தால். “மூளையில கரண்டு கொஞ்ச நேரம் தாறுமாறா ஓடுது, அவ்வளவுதான்” என்றார் டாக்டர். அவ்வளவுதானா. கயிறு அசைகிறதா. இல்லை, காற்று.

திங்கட்கிழமை மெக்கானிக் பொன்பாண்டி வந்தான், தன் கருவியைச் செருகினான், ஒரு பொத்தானை அழுத்தினான், மஞ்சள் விளக்கு அணைந்தது. “கோட அழிச்சாச்சுக்கா. இனிம வராது.” எதனால் வந்தது என்று கேட்டேன். “பெட்ரோல்ல தண்ணி கிடந்திருக்கும். இல்லன்னா உப்புக்காத்து. நீங்க ஏன்க்கா இதெல்லாம் நோண்டுறீங்க, அண்ணன் வந்தா பாத்துக்கிடுவாக.” அண்ணன் வர இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, இந்த நேரம் எந்தக் கடலில் இருக்கிறார் என்பதே எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். புதன்கிழமை மறுபடி விளக்கு. அழிப்பது என்றால் என்ன, கோளாறை அழிப்பதா, கோளாறு இருந்தது என்ற நினைவை அழிப்பதா. வெள்ளிக்கிழமைதோறும் கான்வென்டில் எங்களை வரிசையாகப் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்புவார்கள், சொல்வதற்குப் பாவம் போதாமல் நான் இரண்டொன்று சேர்த்துச் சொல்வேன், அப்புறம் பொய் சொன்ன பாவத்தை அடுத்த வெள்ளிக்கு எடுத்து வைப்பேன், எழுந்து வெளியே வரும்போது உடம்பு லேசாகும், திங்கட்கிழமை பக்கத்து பெஞ்சு மரியதாஸின் பென்சிலை அதே மாதிரி எடுப்பேன். பொன்பாண்டி எங்கள் பங்குச் சாமியாரைப் போல நல்லவன், காரணம் கேட்பதில்லை. லீனஸின் குரல் போன வாரம் வந்தது, பின்னால் எஞ்சின் இரைச்சல், “ஜெனோ, லைட்டு நிதானமா எரிஞ்சா மெதுவா வீட்டுக்கு ஓட்டிட்டு வந்துரலாம். சிமிட்டுச்சுன்னா ஓரங்கட்டி அணைச்சிரு, ஓட்டாத” என்று. போன ஞாயிறு கோயிலுக்குப் போகும்போது சிமிட்டியது. பத்து நிமிடம் ஓட்டியும் சிமிட்டல் நிற்கவில்லை. ஓரங்கட்டி அணைத்தேன். நல்ல வேளை பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள், சிரிக்காத ஒரு நாளில் ஓரங்கட்டி அணைக்க முடியுமா, அணைக்காமல் ஓட்டினால் எதுவரை ஓடும், பத்தாவது கிலோமீட்டரில் நிற்குமா இருபதாவதிலா, இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. வேண்டாம். எண்ணைப் பார். போனில் இன்னொரு பக்கம் இருக்கிறது, கோளாறு வந்த அந்த நொடியில் வண்டி எப்படி இருந்தது என்று தானாகவே ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளும். வேகம் பூஜ்யம். எஞ்சின் சூடு இருபத்தெட்டு. அப்படியென்றால் ஓடும்போது வரவில்லை, சூடாகி வரவில்லை, நின்ற இடத்தில், குளிர்ந்த எஞ்சினில், சாவியைத் திருப்பியதுமே வந்திருக்கிறது. பெட்ரோலில் தண்ணீர் என்றால் நான்கு சிலிண்டரும் அல்லவா உதற வேண்டும். ஒன்றுக்கு மட்டும் ஏன் தொண்டை கட்டுகிறது.

சாவியை எடுத்துவிட்டேன், எடுத்துவிட்டேனா, எடுத்துவிட்டேன், இதோ இடுப்பில் குத்துகிறது. பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தால் மேலே கறுப்பு பிளாஸ்டிக் மூடி, நடுவில் கம்பெனிச் சின்னம் எப்போதோ கழன்று விழுந்து அந்த இடத்தில் எட்டணா அளவு ஓட்டை. மூடியைக் கழற்றித் தரையில் சாய்த்தேன். சிலிண்டருக்கு ஒன்றாகப் பொறி கொடுக்கும் நான்கு காயில்கள் ஒரே வரிசையில், அசெம்பிளியில் நிற்பது போல. இரண்டாவது எது. இந்தப் பக்கமிருந்தா அந்தப் பக்கமிருந்தா. பெல்ட் ஓடுகிற பக்கம்தான் முதலாவது என்று ஒருவர் சொல்கிறார், சில வண்டியில் மாறும் என்று அவரே அடுத்த வரியில் சொல்கிறார், இப்படிச் சொன்னால் நான் என்ன செய்ய. பிறகுதான் தோன்றியது, தோன்றியதும் சிரிப்பு வந்துவிட்டது. எந்தப் பக்கமிருந்து எண்ணினால் என்ன, நடுவில் இருக்கிற இரண்டையும் கழற்றி இதை அங்கே அதை இங்கே மாற்றிப் போட்டால் போதும். எண் மூன்றுக்குப் போனால் காயில் கோளாறு. போகாவிட்டால் காயில் நிரபராதி. எனக்கு வலது இடது தெரிய வேண்டியதே இல்லை, வண்டியே சொல்லிவிடும். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் இத்தனை வருடத்தில் தெரியாமலே சரியாகச் செய்யக்கூடிய காரியம் ஒன்று எனக்குக் கிடைப்பது இதுதான் முதல் தடவை. பத்தாம் நம்பர் ஸ்பேனர். காயிலுக்குள் முப்பதாயிரம் வோல்ட் வரும் என்று படித்தது இப்போது ஞாபகம் வர வேண்டுமா, சாவி இடுப்பில் இருக்கிறது ஜெனோவா, வெறும் டப்பா இது, இழு. முதலாவது நடுக் காயில் உலர்ந்த ரப்பர் சத்தத்தோடு சுலபமாக வந்தது, கீழே நீண்ட ரப்பர் குழல், சுத்தம். அடுத்தது வரவில்லை. திருகி இழுத்தேன். சேற்றிலிருந்து காலை உருவுகிற மாதிரி ஒரு சத்தம். குழல் முழுக்க ஈரம், சொட்டுகிறது, நுனியில் வெள்ளை வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது, ரப்பரில் நீளவாக்கில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, பொறி போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் தண்ணீர் வழியாக ஓடி இறங்கிய தடம். போன் வெளிச்சத்தைக் குழிக்குள் அடித்தால் ஆழத்தில் பளபளவென்று தண்ணீர் என் முகத்தைக் காட்டுகிறது. தொண்டை கட்டவில்லை இதற்கு, கழுத்துவரை மூழ்கியிருக்கிறது. கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும், சமையலறைப் பக்கம் திரும்பினேன், கயிறு அசையவில்லை, நல்லது, தூங்கு.

ஆனால் தண்ணீர் எங்கிருந்து. மழை பெய்து ஒன்றரை மாதமாகிறது, வண்டி சாய்ப்பை விட்டு வெளியே நின்றதில்லை, எஞ்சினை நான் கழுவியதில்லை. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், வைத்த பிறகுதான் பெட்ரோலாக இருந்தால் என்ன செய்வது என்று தோன்றியது. உப்பு. அப்படியானால் பொன்பாண்டி சொன்ன உப்புக்காற்றுதானா, காற்று அடித்தால் நான்கு குழிக்கும் அல்லவா அடிக்கும், ஓரத்துக் காயில்களையும் கழற்றிப் பார்த்துவிட்டேன், மற்ற மூன்று குழியும் சருகாகக் காய்ந்து கிடக்கின்றன, காற்று ஆள் பார்த்து அடிக்குமா. குனிந்தபடியே யோசித்து இடுப்பு வலித்தது, நிமிர்ந்தபோது தரையில் சாய்த்து வைத்த மூடி கண்ணில் பட்டது. கழற்றும்போது பார்த்தேன், பார்த்தும் பார்க்கவில்லை. மூடி முழுக்கத் தூசி, தூசிக்கு நடுவே வெள்ளையாக ஒரு நீளக் கோடு மேலிருந்து கீழே, அதன் குறுக்கே ஒரு சின்னக் கோடு, தண்ணீர் ஓடிக் காய்ந்த உப்புத் தடம், இரண்டும் வெட்டுகிற இடத்தில் அந்த எட்டணா ஓட்டை, மூடியை வைத்துப் பார்த்தால் அதற்கு நேர் கீழே இந்தக் குழி. சிலுவை. ஒரு தடவை ஊற்றியதல்ல, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தடவை, ஒரே கை, ஒரே அளவு. எங்கள் கோயிலில் தீர்த்தத்தில் மந்திரித்த உப்புப் போடுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பீடத்துக்குப் பூ வைத்துவிட்டு வருகிறவள் யார். நான் பிள்ளையைக் குளிப்பாட்டும் நேரமாகப் பார்த்து “குடைய வண்டியிலயே வச்சிட்டேன் பிள்ள, சாவியக் குடு” என்று கேட்கிறவள் யார். இந்த ஊரில் மழை பெய்து ஒன்றரை மாதமாகிறது என்று இப்போதுதானே சொன்னேன், குடை எதற்கு. ஹில்டா மதினி. சனி சாயங்காலம் ஊற்றுவாள், ஞாயிறு காலை சாவியைத் திருப்பினால் உதறும். எனக்குக் கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தேன். வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை, பாதியில் ஏறிக்கொண்டு வேறொன்று வந்தது, மதினி பானெட்டைத் தூக்கிக்கொண்டு இருட்டுச் சாய்ப்பில் தனியாக நின்று, எது இதயம் என்று தேடி, நடுவில் ஓட்டை இருக்கிற இடம்தான் என்று முடிவு செய்து, உதட்டை அசைத்து ஊற்றுவது. அவள் சொன்ன ஜெபத்தில்தான் பிள்ளை பிழைத்தாள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், அவள் மட்டும் வண்டியால் பிழைத்தாள் என்று நினைத்திருக்கிறாள்.

துடைக்க வேண்டும், குழி ஒரு சாண் ஆழம், விரல் போகாது. உள்ளே ஓடி என் பழைய நிட்டிங் ஊசியை எடுத்து வந்தேன். ஸ்வெட்டர் என்றால் என்னவென்றே தெரியாத ஊரில் எங்களுக்கு ஐந்து வருடம் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக் கொடுத்தார்கள், எதற்கு என்று அப்போது கேட்டிருந்தால் வெயிலில் முட்டி போட வைத்திருப்பார்கள். ஆக்னஸின் பழைய மல் துணியைக் கிழித்து ஊசியில் சுற்றி விட்டு எடுத்தேன், விட்டு எடுத்தேன், ஏழு துணி நனைந்தது. எட்டாவது காய்ந்து வந்தது. பிளக்கைத் தொடவில்லை, குழி ஈரமாக இருக்கும்போது பிளக்கைத் திறந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும் என்று எல்லோரும் ஒரே குரலில் எழுதியிருக்கிறார்கள். ரப்பரைத் துடைத்தேன், வெள்ளையைச் சுரண்டினேன், காற்றில் காட்டினேன். இருந்தாலும் இரண்டு காயிலையும் மாற்றியே போட்டேன், கெட்டது காயிலுக்குள்ளும் இறங்கியிருந்தால் இனி மூன்றாவது சொல்லட்டும். மதினியிடம் சொல்லிவிட வேண்டும், நாக்கு நுனிவரை வந்துவிட்டது வாக்கியம், நீங்க ஊத்துன தண்ணிதான் மதினி. சொன்னால் என்ன ஆகும். வண்டி பிழைக்கும். மதினி இந்த வண்டியில் மறுபடி ஏற மாட்டாள். எனக்கு அவளைத் தெரியும், சின்ன வயதில் தம்பி லீனஸின் கையில் கஞ்சி கொட்டியதற்கு இருபத்தெட்டு வருடமாக இன்னும் கஞ்சிப்பானையைத் தூக்க மாட்டாள். பிள்ளைக்குக் கேடு செய்த கை என்று தன் கையையே பிள்ளைமேல் படாமல் வைத்துக்கொள்வாள். மறுபடி இழுத்தால் அந்தக் கையல்லவா வேண்டும். ஓட்டுகிறவளால் பிடிக்க முடியாது, பிடிக்கிறவளால் ஓட்ட முடியாது. எஞ்சினுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள், ஒருத்தர் விட்டாலும் உதறிக்கொண்டாவது ஓடும், நாங்கள் இரண்டே பேர். சாவியைத் திருப்பினேன். ஒரு தும்மல், அப்புறம் ஒரே சீரான உறுமல், கதவுக் கண்ணாடியில் நடுக்கம் இல்லை, போனில் எரியாமல் விட்ட கணக்கு நான்கு சிலிண்டருக்கும் நேராகப் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பள்ளிக்கூடத்தில் இத்தனை பூஜ்யத்தை நான் ஒருநாளும் இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பூஜ்யம். கயிறு அசைந்தது.

நூறு புள்ளி ஆறு. மருந்தைக் கொடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறேன், பிள்ளை என் தோளில் சூடாக மூச்சு விடுகிறாள், எண்ணுகிறேன், எதை எண்ணுகிறேன் என்று தெரியவில்லை, இப்போதே கிளம்பிவிடலாமா, வலிப்பு வருவதற்கு முன்னாலேயே அந்த முப்பத்திரண்டு கிலோமீட்டரைக் கடந்துவிட்டால் வந்தாலும் ஆஸ்பத்திரி வாசலிலேயே வரட்டுமே, வாசலில் கேட் சத்தம். மதினி பையோடு நேராகச் சாய்ப்புக்குப் போனவள் திறந்து கிடந்த பானெட்டைப் பார்த்து நின்றுவிட்டாள். “என்ன பிள்ள, வண்டியப் பிரிச்சுப் போட்டிருக்க?” சும்மா பார்த்தேன் மதினி என்றேன். “என் தம்பி கப்பல்ல எஞ்சின் பாக்கான், நீ வீட்டுல எஞ்சின் பாக்க. பிள்ளைய யாருதான் பாக்கா?” என்றபடியே ஆக்னஸின் நெற்றியைத் தொட்டவள் கையை எடுக்கவில்லை. முகம் மாறிவிட்டது. “டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துருவோம் மதினி, இப்பவே.” அவள் தலையாட்டினாள், ஆனால் நகரவில்லை, பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். “நீ போய் பிள்ளைக்கு உடுப்பு மாத்து. நான் என் குடைய மட்டும் பாத்து எடுத்துக்கிடுதேன்.” அந்தக் குரலில் இருந்த அவசரம் அன்றைக்கு ஜெபமாலை சொன்ன குரலில் இருந்தது. “தீர்த்தமா மதினி?” என்றேன். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். கோயில் சாவிக்கொத்து இடுப்பில் லேசாகக் குலுங்கியது. “யாரு சொன்னா?” என்றாள். “மூடில சிலுவை தெரிஞ்சுது.” “அன்னைக்கு நிக்காம ஓடுச்சுல்லா,” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு, “அதான் வாராவாரம். அப்புறம் அந்த மஞ்ச லைட்டு எரிய ஆரம்பிச்சுதா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல, போன வாரம் ரெண்டு பாட்டிலா ஊத்திட்டேன்.” விளக்கைக் கண்டு பயந்து ஊற்றியிருக்கிறாள், ஊற்ற ஊற்ற விளக்கு எரிந்திருக்கிறது, அதைக் கண்டு இன்னும் ஊற்றியிருக்கிறாள், நான் வாராவாரம் முன் சீட்டில் அந்த விளக்கைப் பார்த்தபோதெல்லாம் பின் சீட்டிலிருந்து எட்டி அவளும் அதையே பார்த்திருக்கிறாள், ஒருத்தரிடம் ஒருத்தர் சொல்லவில்லை. என் வாயில் அந்த வாக்கியம் இருந்தது. விழுங்கினேன். “நல்லது மதினி. ஆனா தண்ணி ஊத்துறதுக்குன்னு தனியா ஒரு இடம் வச்சிருக்காங்க.” பானெட்டின் ஓரத்தில், முன் விளக்குக்குப் பின்னால், நீல மூடியைத் தூக்கிக் காட்டினேன். மூடிமேல் நீரூற்று மாதிரி ஒரு சின்னப் படம். மதினி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக் குனிந்து பார்த்தாள். “படமே போட்டிருக்கான்,” என்றாள், “இது எங்க போவுது?” “முன் கண்ணாடிக்கு. நமக்கு முன்னால.” கொஞ்சம் யோசித்தாள். “எவ்வளவு பிடிக்கும்?” “ரெண்டு லிட்டருக்கு மேல பிடிக்கும்.” “இம்புட்டு நாளாச் சொல்லவேயில்லயே நீ” என்று என்னைக் கடிந்துகொண்டே பாட்டிலைத் திறந்து, உதட்டை அசைத்து, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் கடைசிவரை ஊற்றினாள். பிறகு பின் கதவைத் திறந்து, அன்றைக்கு உட்கார்ந்த அதே பக்கம் உட்கார்ந்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளையைக் கொடுத்துவிட்டு, கறுப்பு மூடியை வைத்துப் பானெட்டை இறக்கினேன். உப்பளத்துப் பாதையில் ஏறியதும் எதிரில் ஒரு லாரி புழுதியை வாரி அடித்துவிட்டுப் போனது, கண்ணாடி வெளுத்து ரோடு மறைந்தது. “அந்தத் தண்ணிய அடி பிள்ள” என்றாள் மதினி. அடித்தேன். இரண்டு மெல்லிய தாரை எழும்பி விழுந்தது, வைப்பர் இழுத்துத் துடைத்தது, ரோடு தெரிந்தது. பின்னால் ஜெபமாலை தொடங்கியது, நான் மூன்றாவது கியருக்கு மாற்றினேன், நான்காவதுக்கு மாற்றினேன்.